சுவிட்சுக்குப் பின்னால் – 9: தூங்காத ராம்

போன வாரம் டிவி ஓரத்தில் எரியும் சிவப்புப் புள்ளியைப் பார்த்தோம். நாம் அணைத்ததாக நினைக்கும் எதுவும் முழுதாக அணைவதில்லை என்பதுதான் இந்தத் தொடரின் பல்லவி. எட்டு வாரமாகக் கூட வருகிறவர்களுக்கு மறுபடி பாட வேண்டியதில்லை. இந்த வாரம் கணினியின் ஸ்லீப், ஹைபர்நேட், ஷட் டவுன் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. காரணம் அம்மா.

திங்கள் இரவு முக்கால்வாசிக் கட்டுரையை அடித்துவிட்டு, சேவ் செய்யாமல், கணினியை ஸ்லீப்பில் போட்டுப் படுத்தேன். படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அம்மாவின் வழக்கம். கேஸ் வால்வு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள், கடைசியாகச் சுவிட்ச் போர்டுகள். என் மேஜைக்குக் கீழே இருப்பதும் அந்தச் சுற்றில் அடக்கம். யுபிஎஸ் இருக்கிறது, அதன் பேட்டரி போய் ஒரு வருஷம் ஆகிறது. காலையில் பொத்தானை அமுக்கினால் கணினி புதுசாகப் பிறந்தது மாதிரி முதலிலிருந்து எழுந்தது. கட்டுரை இல்லை.

“ஸ்லீப்ல போட்டிருந்தேம்மா!” என்று கத்தினேன்.

“தூங்கிட்டுத்தானடா இருந்துச்சு? தூங்குறதுக்கு எதுக்குக் கரண்டு?”

கோபத்தில் பதில் சொல்ல வரவில்லை. யோசித்தால், இதைவிட நல்ல கேள்வியை இந்தத் தொடருக்காக நானே கேட்டுக்கொண்டதில்லை. மிச்ச வாரம் முழுக்க அதிலேயே போய்விட்டது.

ஸ்லீப்பில் பிராசஸர் படுத்துவிடுகிறது, டிஸ்க் படுத்துவிடுகிறது, விசிறியும் நிற்கிறது. ராம் மட்டும் விழித்திருக்கிறது. இராமாயணத்தில் இது தலைகீழ்: அங்கே அண்ணன் தூங்க, தம்பி காவல் இருந்தான். இங்கே ராமே காவல். திறந்து வைத்த கோப்பு, பாதியில் நின்ற பாட்டு, அடித்த கட்டுரை எல்லாம் அதன் பொறுப்பு. அதை விழிக்க வைக்கத்தான் கரண்டு.

ஏன் விழித்திருக்க வேண்டும்? இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ராமில் ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெப்பாசிட்டரில் தேங்கும் மின்னூட்டம். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும். அது வற்றுவதற்குள் படித்துப் பார்த்துத் திரும்ப நிரப்ப வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை? 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கண் சிமிட்டும் நேரத்துக்குள். 8 ஜிபி ராம் என்றால் ஏறத்தாழ 6,870 கோடிக் குடங்கள். அத்தனையும் ஒரு செகண்டுக்குப் பதினைந்து தடவை நிரம்பியாக வேண்டும். கணினி விழித்திருக்கும்போது இந்த வேலையை வாங்குவது பிராசஸர் பக்கத்திலிருக்கும் மெமரி கன்ட்ரோலர். ஸ்லீப்பில் அதுவும் படுத்துவிடுவதால் ராம் சிப்பே எண்ணிக்கை வைத்துக்கொண்டு தன்னைத்தானே நிரப்பிக்கொள்கிறது. சூடு ஏறினால் ஒழுகல் கூடும் என்பதால் 85 டிகிரியைத் தாண்டிவிட்டால் 32 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை.

இந்த ஓட்டைக் குடத்தை வேண்டுமென்றே செய்தவர் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட். 1966-ல் காந்த நினைவகம் பற்றிச் சக ஆராய்ச்சியாளர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அங்கே வைத்து உதித்த யோசனை இது. அதுவரை ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் வரை செலவழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போதும், ஒழுகினால் நிரப்பிக்கொள்ளலாம் என்றார் அவர். 1968-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் 1103 என்ற சிப் கடைக்கு வந்தது. அதில் மொத்தம் 1,024 பிட்.

அதற்கு முன்னால் இருந்தது எது தெரியுமா? கோர் மெமரி. பாசிமணி போலக் குட்டிக் குட்டியான ஃபெரைட் வளையங்களில் மெல்லிய கம்பியைக் கோத்துச் செய்தது. கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காந்தம் என்பதால் கரண்டு போனாலும் அதில் இருந்தது அப்படியே இருக்கும். அந்தக் கணினி என் மேஜையில் இருந்திருந்தால் அம்மா சுவிட்சை எத்தனை தடவை வேண்டுமானாலும் அணைத்திருக்கலாம். என்ன, மேஜை போதாது. மலிவாகவும் சிறிசாகவும் நினைவகம் வேண்டும் என்று கேட்டோம். மறதியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்லீப் என்றும் ஹைபர்நேட் என்றும் இரண்டு வகைத் தூக்கம் கணினிக்குத் தேவைப்பட்டது இந்த மறதியால்தான்.

இன்னும் ஒன்று; இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கரண்டு போனதும் ராம் அந்த நொடியே எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மோனாலிசா படத்தை ராமில் ஏற்றிவிட்டுக் கரண்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள். 5 செகண்ட் கழித்தும் அந்த அம்மாள் ஏறக்குறைய அப்படியே இருந்தார். 30 செகண்டில், 60 செகண்டில் முகத்தில் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. அடுத்து, தூசி ஊதும் ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ராமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். கரண்டு இல்லாமல் 10 நிமிஷம் கழித்தும் நூற்றுக்கு ஒரு பிட்கூட அழியவில்லை. திரவ நைட்ரஜனில் ஒரு மணி நேரம் தாங்கியது. அவர்கள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பைத் திருடுகிறவன் இப்படியே டிஸ்க்கின் பூட்டுக்கான சாவியை ராமிலிருந்து எடுத்துவிட முடியும் என்று காட்டினார்கள். எனக்குத் தோன்றியது வேறு: அம்மா அணைத்த நொடியில் ஐஸ் கட்டியோடு ஓடியிருக்கலாமோ?

சரி, ஹைபர்நேட். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்று ஒரு விதிமுறை போட்டன. ஸ்லீப்பை எஸ்3 என்றும் ஹைபர்நேட்டை எஸ்4 என்றும் அடையாளப்படுத்துவது அதிலிருந்து வந்தது. எஸ்4-ல் ராம் தன்னிடம் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக மறந்துவிடுகிறது. பிளக்கையே பிடுங்கலாம். மறுபடி போட்டால் எழுதி வைத்ததைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்லீப்புக்கு ஆகும் கரண்டும் பிரமாதமில்லை. என் பழைய கணினிக்கு 2 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் ஓடப் பத்து மணி நேர இரவுகள் ஐம்பது வேண்டும். ஆகவே பில்லுக்குப் பயந்து ஹைபர்நேட் போடாதீர்கள். அம்மாவுக்குப் பயந்து போடுங்கள்.

விண்டோஸ் மெனுவில் ஹைபர்நேட் பெரும்பாலும் கண்ணில் படாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் டிக் அடித்தால் வந்துவிடும். இரண்டும் கலந்த ஹைபிரிட் ஸ்லீப் என்பதும் உண்டு. ராமையும் விழிக்க வைத்து, டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதி வைத்துவிடும். கரண்டு போனால் நகல் காப்பாற்றும். மேஜைக் கணினிகளுக்காகவே விஸ்டா காலத்தில் வந்த ஏற்பாடு.

அப்படியென்றால் என் கட்டுரையை ஏன் காப்பாற்றவில்லை? புதன்கிழமை உட்கார்ந்து தோண்டினேன். யாரோ ஹைபர்நேட்டை அடியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை நிறுத்தினால் ஹைபிரிட் ஸ்லீப்பும் சேர்ந்தே போய்விடும். யாரோ என்ன யாரோ, நான்தான். போன வருஷம் சி டிரைவில் இடம் போதாமல், ஹைபர்ஃபில் என்ற பெயரில் ஆறு ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்த ஒரு கோப்பைப் பார்த்து, எதற்கு இந்தக் குப்பை என்று கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை போட்டு ஒழித்திருக்கிறேன். ராம் எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகம் அது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாராவாரம் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர் அவர், எப்படியும் தெரிந்துவிடும்.

ஆசிரியர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஷட் டவுனை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறேன். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்று கொடுத்தாலும் பாதி ஹைபர்நேட்தான் நடக்கிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உள்ளே எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது என்ற கூத்தை அப்போது பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு விசிறி தானாகச் சுற்றுகிறது என்று எழுதிக் கேட்ட வாசகருக்கும் பதில் அதிலேயே. இந்தக் கட்டுரையை அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா சுற்றுக்குக் கிளம்பிவிட்டார். மேஜைக்குக் கீழே கை போகிறது. சேவ் செய்துவிட்டேன்.

(தொடரும்)