சுக்கான் இழந்த தேயிலைக் கப்பல்

வேப்பூரில் பஸ் நிற்கும்போது தேநீர் குடித்திருக்கிறீர்களா? பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. தேயிலை, பீங்கான் இரண்டுமே ஒரு காலத்தில் சீனாவிலிருந்து ஒரே கப்பலில் ஐரோப்பாவுக்குச் சென்றவை. பீங்கான் எத்தனை மாதமும் காத்திருக்கும். தேயிலை அப்படியல்ல. பருவத்தின் முதல் தேயிலைக்குத்தான் லண்டனில் நல்ல விலை. ஆகவே வேகமான கப்பல்கள் தேவைப்பட்டன. அவையே 'கிளிப்பர்' கப்பல்கள்.

அவற்றுள் புகழ்பெற்றது 'கட்டி சார்க்'. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் கட்டப்பட்டு, 1869 நவம்பர் 22-ல் நீரில் இறக்கப்பட்டது. குறுகிய உடல், கத்தி போன்ற முன்புறம், 32,000 சதுர அடிப் பாய். மணிக்கு 32 கிலோமீட்டர் வரை சென்றது. நம் டவுன் பஸ்ஸுக்குச் சளைத்ததல்ல!

இதன் எலும்புக்கூடு இரும்பு, மேற்பலகை மரம். முழுவதும் இரும்பாகவே கட்டியிருக்கலாமே? அடிப்பாகத்தில் கடற்சிப்பிகள் ஒட்டினால் வேகம் குறையும். அதைத் தடுக்கச் செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு போர்த்த வேண்டும். அத்தகடு உப்புநீரில் இரும்பைத் தொட்டால் மின்கலம் போலாகி இரும்பு அரிக்கப்பட்டுவிடும். நடுவில் மரம் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நீர்மட்டத்துக்கு மேலே தேக்கு. ஓக் மரத்தின் அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கோ எண்ணெய்ப் பசையுள்ளது. தேக்கு என்ற தென்னாட்டுச் சொல்தான் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று.

1872 ஜூன் 18-ல் கட்டி சார்க்கும் அதன் போட்டிக் கப்பல் 'தெர்மாப்பிலி'யும் ஷாங்காயிலிருந்து புறப்பட்டன. இந்துமாக் கடலில் கட்டி சார்க் சுமார் 400 மைல் முந்தியிருந்தது. ஆகஸ்டு 15-ல் புயல் அதன் சுக்கானைப் பிய்த்தெறிந்தது. துறைமுகம் செல்லலாம் என்றார் கப்பலில் இருந்த உரிமையாளரின் சகோதரர். காப்டன் மூடி மறுத்துவிட்டார். ஆடும் மேல்தளத்திலேயே உலை மூட்டி, உபரி மரங்களை இரும்பால் பிணைத்துப் புதிய சுக்கான் செய்தார்கள். தெர்மாப்பிலி 115 நாளில் லண்டன் சேர்ந்தது. கட்டி சார்க் 122 நாளில். தோற்றும் பெயர் இதற்கே!

உண்மையான எதிரி வேறு. கட்டி சார்க் நீரில் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. செங்கடலின் காற்று பாய்மரத்துக்கு ஒத்துவராது. நீராவிக் கப்பலுக்கோ அது குறுக்குவழி. எட்டே தேயிலைப் பயணங்களுடன் கட்டி சார்க்கின் அந்த வாழ்வு முடிந்தது. பின்பு ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றியது. இன்று லண்டன் கிரினிச்சில் நிற்கிறது. 2007-ல் தீப்பிடித்தபோது, பழுதுபார்ப்பதற்காகப் பலகைகளில் பெரும்பகுதியை முன்பே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்தார்கள். அவை தப்பின; 2012-ல் மீண்டும் பூட்டப்பட்ட கப்பலைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.