தோள் இறங்கினால் எலும்பையும் பாருங்கள்

"பந்து விளையாடும்போது பையன் விழுந்து தோள் இறங்கிவிட்டது. உருவிவிட்டதும் சரியாகிவிட்டது. ஆறே மாதத்தில் மறுபடியும் இறங்கிவிட்டதே, ஏன்?" என்று கேட்கும் பெற்றோர் பலர். இதற்கான விடை பல வேளைகளில் எலும்பில் இருக்கிறது.

நம் உடலின் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள் மூட்டுதான். மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது பொருந்தியிருக்கும் கிண்ணமோ ஆழமில்லாதது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. எளிதில் நழுவவும் செய்கிறது.

பெரும்பாலும் பந்து முன்பக்கமாகவே நழுவும். அப்போது அதன் பின்பகுதி கிண்ணத்தின் விளிம்பில் மோதி நசுங்கிப் பள்ளமாகிறது. ஹில், சாக்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1940-இல் இதை விளக்கியதால் 'ஹில்-சாக்ஸ் பள்ளம்' என்று பெயர். சிலருக்குக் கிண்ணத்தின் முன்விளிம்பே உடைந்துவிடும். வாய் உடைந்த கிண்ணத்தில் கோலிக்குண்டு நிற்குமா? அதனால்தான் மறுபடியும் நழுவுகிறது. வயதில் மூத்தவர்களுக்கோ, தசைநார்கள் பற்றியிருக்கும் எலும்பு மேடு உடைவதுண்டு.

வலிப்பு வந்தவர்களுக்கும் மின்சாரம் தாக்கியவர்களுக்கும் மூட்டு பின்பக்கமாக நழுவலாம். நேராக எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகக்கூடும். வேறு கோணத்திலும் படம் எடுக்க வேண்டும்.

தோள் இறங்கினால் என்ன செய்வது? இழுக்கவும் வேண்டாம், உருவவும் வேண்டாம். உடைந்த எலும்பு மேலும் விலகலாம். நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படலாம். கையை இருக்கும் நிலையிலேயே துணியால் தாங்கலாகக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ வெளிறினாலோ உடனே சொல்லுங்கள். மூட்டைப் பொருத்திய பிறகும் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு எவ்வளவு சேதமடைந்தது என்பதை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும்.

சிறிய பள்ளமாக இருந்தால் சில வார ஓய்வும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் போதுமானதாக இருக்கலாம். கிண்ணத்தின் எலும்பு அதிகம் இழந்திருந்தால், பக்கத்து எலும்புத் துண்டை அங்கே பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. இளம் வயதினருக்கு மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை நழுவும்போதும் எலும்பு இன்னும் தேயும்.

வலி போவது வேறு, மூட்டு குணமாவது வேறு. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பிள்ளையைத் திடலுக்கு அனுப்பாதீர்கள்.