பூனைக்கும் வருது சர்க்கரை வியாதி: இன்சுலின் ஊசி எப்போ போடணும்? எப்போ போடக்கூடாது?

திண்டுக்கல்,

சர்க்கரை வியாதி மனுஷனுக்கு மட்டும் வருவதில்லை. வீட்டில் வளர்க்கும் பூனைக்கும் வரும். திண்டுக்கல்லை அடுத்த அகரம், தாடிக்கொம்பு பகுதியில் எலித்தொல்லைக்காக பூனை வளர்ப்பவர்களும் உண்டு, செல்லமாக வளர்ப்பவர்களும் உண்டு. ஆனால் பூனைக்கு இன்சுலின் ஊசி போடணும் என்றால் பலரும் குழம்பிப் போகிறார்கள்.

7 வயதை தாண்டிய, உடம்பு பெருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கே இந்த வியாதி அதிகம் வருகிறது. ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பூனைகளுக்கும் வரலாம். கிண்ணம் கிண்ணமாக தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, நல்லா சாப்பிட்டும் இளைத்துப் போவது, பின்னங்கால் தளர்ந்து குதிகால் தரையில் படும்படி நடப்பது ஆகியவை அறிகுறிகள்.

ஒரு டெஸ்ட் போதாது

பூனைக்கு சாதாரணமாக ரத்த சர்க்கரை 80 முதல் 120 வரை இருக்கும். ஆனால் பையில் அடைத்து பஸ்சில் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாலே பயத்தில் அது 300-ஐ தாண்டி விடலாம். எனவே ஒரு டெஸ்டை மட்டும் பார்த்து இன்சுலின் தொடங்கக்கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘பிரக்டோசமின்’ என்ற ரத்த பரிசோதனை செய்தால் கடந்த 2 வார சராசரி தெரிந்து விடும். அறிகுறியும் பரிசோதனையும் ஒத்துப்போனால் இன்சுலினை தள்ளிப்போடக்கூடாது. சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்கு சில மாதங்களிலேயே ஊசி தேவைப்படாத நிலை வருகிறது.

முதலில் சாப்பாடு, அப்புறம் ஊசி

பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, காலையும் மாலையும் தோலுக்கு அடியில் ஊசி போட வேண்டும். ஒரு வேளைக்கு 1 யூனிட் போல குறைந்த அளவில்தான் டாக்டர்கள் தொடங்குவார்கள். ஊசிக்கு முன் 2 விஷயம் பார்க்கணும். பூனை சாப்பிட்டதா? சர்க்கரை எவ்வளவு?

காது ஓரத்தில் லேசாக குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்க்கலாம். மனுஷருக்கான மீட்டர் பூனைக்கு கொஞ்சம் குறைத்துக் காட்டும். ஆரம்ப நாட்களில் 200-க்கு கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஊசி போடக்கூடாது. பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது என்றாலும் அப்படித்தான். வழக்கமான அளவை அப்படியே போட்டு விடக்கூடாது, போன் போட்டு கேட்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக போடவே கூடாது.

காரணம் இதுதான். ஒரு வேளை சர்க்கரை கூடிப்போனால் அடுத்த வேளை சரி செய்யலாம். அளவுக்கு மீறி குறைந்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். பூனை தள்ளாடினால், நடுங்கினால், வலிப்பு வந்தால் உடனே தேன் அல்லது சர்க்கரை பாகை ஈறில் தடவி ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அதற்காக நாள்கணக்கில் ஊசியை நிறுத்தி வைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் ‘கீட்டோன்’ என்ற அமிலம் சேர்ந்து பூனை சோர்ந்து படுத்து விடும். அப்போது பெரிய ஆஸ்பத்திரி சிகிச்சைதான் காப்பாற்றும்.

சிரிஞ்சில் உஷார்!

மெடிக்கல் ஷாப்பில் 2 வகை இன்சுலின் கிடைக்கிறது. ஒன்று 1 மில்லியில் 40 யூனிட், இன்னொன்று 100 யூனிட். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 கோடு ஏற்றினால் உள்ளே போவது 2.5 யூனிட். பூனை தாங்காது. பாட்டிலையும் மூடியையும் தினமும் ஒத்துப்பார்க்கணும்.

பால் சோறு, பிஸ்கட் சர்க்கரையை ஏற்றும். கறி, மீன், முட்டைதான் பூனைக்கு ஏற்ற சாப்பாடு. ஆனால் ஊசி போடும்போது சாப்பாட்டை திடீரென்று மாற்றினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும்.

மாத்திரையும் வந்திருக்கிறது. பூனைக்கான ‘பெக்சாகிளிப்ளோசின்’ மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. ஆனால் ஏற்கனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அதை கொடுக்கக்கூடாது.

வீட்டில் தாத்தா, பாட்டிக்கு வாங்கி வைத்த இன்சுலின் பிரிட்ஜில் இருக்கிறதே என்று எடுத்து, டாக்டரை கேட்காமல் பூனைக்கு போட்டு விடாதீர்கள்.