கூகை எப்புள்?

பறவை நோக்குவார்க்கெனத் தமிழில் வெளிவரும் கையேடுகள் சிலவற்றில் 'கூகை' என்னும் பெயர், வெண்ணிற அடிவயிறும் இதய வடிவினதாகிய முகமும் உடைய ஆந்தைக்கு வழங்கப்பெறுகின்றது. கோயிற் கோபுரங்களிலும் பாழ்மனைகளிலும் குடியிருப்பது இப்புள். சங்கச் செய்யுளைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் பலரும் இப்பெயரீட்டையே துணைக்கொண்டு, பண்டையோர் கூறிய கூகையும் இதுவே எனச் சொல்லி அமைகின்றனர். அது பொருந்துமாறில்லை என்பது எம் கருத்து.

இரவுப்புள்ளை இனங்காணக் கண்ணினும் செவியே பெருந்துணை. சங்கப் புலவர்க்கும் கூகை பெரும்பாலும் கேட்கப்பட்ட புள்ளேயன்றிக் காணப்பட்ட புள் அன்று. குறுந்தொகை 153ஆம் செய்யுளில், குன்றத்துக் கூகை குழறுதலைக் கபிலர் கூறுகின்றார். குழறுதலாவது அடித்தொண்டையினின்று எழும் தெளிவற்ற ஆழ்குரல். மேற்கூறிய வெண்முகப் புள்ளோ குழறுவதன்று, கிறீச்சிட்டு அலறும், சீறும். பாறைப் பிளவுகளிலும் ஓடைக்கரை மேடுகளிலும் உறைந்து, அந்தி மயங்கும் பொழுதில் நெடுந்தொலைவு கேட்க ஈரசையாகக் குரலெழுப்புவது கொம்பன் ஆந்தையே. கபிலர் செவிப்பட்டது அதுவாதல் கூடும்.

நற்றிணை 83ஆம் செய்யுள் இன்னும் நுட்பமான சான்று தருகின்றது. பெருந்தேவனார் பாடிய இச்செய்யுளில் தோழி கூகையை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றாள். ஊர்வாயிலில் நீருண்ணும் துறையை அடுத்து நிற்கும் தெய்வமுடைய முதுமரம் அதன் உறையுள். வளைந்த வாய், தெளிந்த கண், கூரிய உகிர், பறைபோலும் குரல் ஆகிய இவையெல்லாம் சொல்லப்படுகின்றன. காதலர் வரவு நோக்கித் துயிலாது வருந்தும் வேளையில் அச்சமுண்டாகக் குரலெழுப்பாதே. இறைச்சி கலந்த நெய்ச்சோறும் சுட்ட எலியும் நிறைய அளித்துப் பேணுவோம் என்கின்றாள். (தெய்வமரத்தில் உறைவதற்குப் படையல் பேசுவது போன்ற இவ்வழகைத் தனியே எழுதல் வேண்டும்.) நீர்த்துறை மரத்தில் உறைந்து ஆழ்குரலெழுப்புவது பூமன் ஆந்தை, மோயாற்றங்கரை போன்ற இடங்களில் பறவை நோக்குவார் இன்றும் அதனைக் காண்கின்றனர். ஆயின் அதன் முதன்மை உணவு மீன், நண்டு, தவளை முதலியன. எலியை விரும்புவது பொரிப்புள்ளி ஆந்தை. ஊர்த்தோப்பின் முதுமரங்களே அதற்கு இடம். இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிதல் அரிது, துணியவும் வேண்டுவதின்று. குரலால் வெண்முகப் புள் விலக்கப்படுகின்றது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

உடற்பருமையும் இதற்கு அரண் செய்யும். பெண்பாற் பெயராகிய 'அளகு' கோழிக்கும் கூகைக்கும் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. 'கூகைக்கோழி' என்னும் தொடர் குறுந்தொகை 393இலும் புறநானூறு 364இலும் வருகின்றது. புறப்பாட்டின் புலவர் இத்தொடராலேயே கூகைக்கோழியார் எனப் பெயர் பெற்றார். கோழியோடு சேர்த்தெண்ணப்பட்டது பெரும்புள்ளாதல் வேண்டும் என்பது எம் ஊகம். வெண்முகப் புள்ளின் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ.; கொம்பன் ஆந்தையும் பூமன் ஆந்தையும் ஏறத்தாழ 50 செ.மீ.

பகலில் காக்கை கூகையை வெல்லும் எனத் திருக்குறள் (481) கூறுவது இங்குப் பயன்படாது. காக்கை எவ்வகை ஆந்தையையும் சூழ்ந்து துரத்தும். அக்காக்கைகளின் ஆரவாரங்கொண்டே ஆந்தையிருக்கும் மரத்தைக் கண்டுபிடிப்பது பறவை நோக்குவார் வழக்கம்.

குடிஞையின் குரலை அகநானூறு (19) துடியின் ஓசையோடு ஒப்பிடுகின்றது. கூகை, குடிஞை, ஆந்தை என்பவற்றைப் பிற்கால அகராதிகள் ஒன்றற்கொன்று பொருளாக எழுதிவிட்டமையின், பழையோர் செவியறிந்த வேறுபாடுகள் நமக்கு மறைந்தன. எஞ்சியது 'சாக்குருவி' என்னும் அச்சப்பெயர் ஒன்றே. அவ்வச்சத்தாலும் மாந்திரிகத்தின் பொருட்டும் ஆந்தைகள் கொல்லப்படுவது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்தும், முற்றும் ஒழிந்திலது. எலியுண்டு நெல்லைக் காக்கும் வெண்முகப் புள்ளும் இதற்குத் தப்பவில்லை. அதன்பொருட்டு வயலில் தாங்குகோல் நட்டுவைக்கும் உழவர் அதனை வெறுப்பதில்லை என்பது ஆறுதல்.

வெண்முகப் புள்ளிற்கு 'வெண்ணாந்தை' எனப் பெயரிட்டு, கூகை என்பதனைக் குழறும் பேராந்தைகளுக்கே விடுத்தல் தகும். ஆந்தைகளின் குரற்பதிவுகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. நற்றிணைச் செய்யுளைப் பயிற்றுமுன் வெண்ணாந்தையின் அலறலையும் கொம்பன் ஆந்தையின் குரலையும் அடுத்தடுத்துக் கேட்பித்து, தோழி அஞ்சியது எதுவென மாணாக்கரையே வினவலாம்.