சக்கையோடு போகும் சர்க்கரை

அரவைப் பருவத்தில் விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகிறவர்களுக்கு முண்டியம்பாக்கம் வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும். காற்றில் பாகு வாசனை, சாலையோரம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். இங்கே இருப்பது ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் ஆலை. செஞ்சிப் பக்கம் செம்மேட்டில் அதே நிறுவனத்தின் இன்னோர் ஆலை. பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. மூன்றுக்கும் லாப நஷ்டக் கணக்கு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: ஒரு டன் கரும்பு.

அந்த ஒரு டன்னில் கிடைக்கும் சர்க்கரை ஏறக்குறைய 90 கிலோ. சக்கை 280 முதல் 300 கிலோ, மொலாசஸ் எனும் கழிவுப்பாகு 40 கிலோ சொச்சம், பிரஸ்மட் எனும் சாற்றுக் கசடு 30 முதல் 40 கிலோ. சக்கை கொதிகலனில் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு எரிபொருளைக் கொடுத்து, பதிலுக்குச் சக்கையை வாங்கிக் காகிதம் செய்தது. மொலாசஸ் எரிசாராயமாகிப் பெட்ரோலில் கலக்கிறது. பிரஸ்மட் எருவாக வயலுக்கே திரும்புகிறது. சர்க்கரை ஆலையில் வீண் என்று எதுவும் இல்லை என்று பேசுவது இதை வைத்துத்தான்.

ஆனால், பணம் கசிவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

ஆலை ஆய்வகத்தில் ஒருவர் கரும்பைப் பிழியும் கடைசி உருளையிலிருந்து வெளியே வரும் சக்கையைக் கைப்பிடி அள்ளிப் பரிசோதிக்கிறார். அதில் இன்னும் 2 விழுக்காடு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருளைகளின் அழுத்தத்தைச் சரிசெய்து, சக்கை மேல் தெளிக்கும் வெந்நீரை முறைப்படுத்தி அதை 1.8-ஆகக் குறைத்தால், டன் கரும்புக்கு 600 கிராம் சர்க்கரை சக்கையோடு போகாமல் தப்பிக்கும். நாளைக்கு 3,000 டன் அரைக்கும் ஆலையில் அது 1,800 கிலோ. மத்திய அரசு 2019-ல் நிர்ணயித்த ஆலை விற்பனைக்கான குறைந்தபட்ச விலையான கிலோ 31 ரூபாயில் கணக்கிட்டாலும் தினமும் 55,000 ரூபாய்க்கு மேல். இவ்வளவு நாளும் இந்தப் பணம் கொதிகலனில் எரிந்துகொண்டிருந்தது!

சக்கையின் ஈரமும் அப்படித்தான். பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

டொயோட்டா கார் நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ தொழிற்சாலையில் நடக்கும் வீணடிப்புகளை ஏழாகப் பிரித்தார். அதில் ஒன்று காத்திருப்பு. கார் ஆலையில் காத்திருக்கும் உதிரிபாகம் கெட்டுப்போகாது. கரும்பு கெடும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டிய கரும்பு, வெட்டு உத்தரவும் வண்டியும் ஆளும் ஒன்றுசேராமல் இரண்டு மூன்று நாள் கிடந்தால் வெட்டுவாயில் பாக்டீரியா பெருகும், சர்க்கரை சிதையும். டெக்ஸ்ட்ரான் என்ற பிசின் உருவாகிச் சாறு கெட்டிப்படும். வடிகட்டுவதும் படிகமாக்குவதும் தாமதமாகும்.

இந்த நஷ்டத்தில் விவசாயியின் பங்கை யாரும் எழுதி வைப்பதில்லை. எடைமேடைக்கு முன்னால் வெயிலில் நிற்கும் கரும்பு காய்ந்து இழக்கும் எடை முழுக்க அவருடையது. விலையும் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை விழுக்காட்டைப் பொறுத்ததுதான். 2024-25 பருவத்தில் 10.25 விழுக்காடு கட்டுமானத்துக்குக் குவிண்டால் 340 ரூபாய், 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் 315 ரூபாய் 10 காசு. 40 டன் கரும்பு போட்டவருக்கு இந்த வித்தியாசம் ஏறக்குறைய 10,000 ரூபாய். கட்டுமானம் குறைய ரகமும் மண்ணும் காரணமாகலாம். ஆனால், வண்டி வரிசையைக் குறைப்பது முழுக்க ஆலையின் கையில் இருக்கிறது. அதற்குப் புதிய இயந்திரம்கூடத் தேவையில்லை.

திண்டிவனம் பக்கம் இதே கதை மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில் நடக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரில் ஆட்டிய புண்ணாக்கில் 6 முதல் 8 விழுக்காடு எண்ணெய் தங்கும். உள்ளே சுழலும் திருகு தேய்ந்திருந்தாலும், பருப்பின் சூடும் ஈரமும் பதத்தில் இல்லாவிட்டாலும் 6 என்பது 8 ஆகிவிடும். நூறு கிலோ பருப்புக்கு ஒரு கிலோ எண்ணெய் புண்ணாக்கு விலைக்குப் போகிறது என்று அர்த்தம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஆலைக்கு வரும் முன்பே நேர்ந்துவிடும். சரியாகக் காயாத கடலையை மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு சேரும். அப்படியே சாப்பிடும் நிலக்கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே. தாண்டினால் சரக்கு முழுவதும் நிராகரிக்கப்படும். உழைப்பு, மின்சாரம், லாரி வாடகை எல்லாம் அதோடு போகும். திண்டிவனத்தில் சிப்காட்டின் உணவுப் பூங்காவுக்கு வரும் நிறுவனங்கள் இயந்திரப் பட்டியல் போடும்போது, கொள்முதல் செய்யும் ஊர்களுக்கான ஈரப்பதமானியையும் தார்ப்பாயையும் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.