அம்புலிமாமாவை மீண்டும் கண்டோம்

சென்ற மாதம் திருப்பதியில் பழைய காகிதம் வாங்கும் கடையொன்றின் முன் நாம் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அங்கே சணல் கயிற்றால் கட்டிய கட்டொன்றின் மேல் ஒரு படம் கண்ணிற்பட்டது. தோளிலே பிணம், கையிலே உருவிய வாள், நடப்பவன் விக்கிரமன். எட்டு வயதில் போர்வைக்குள்ளிருந்து அஞ்சி அஞ்சிப் பார்த்த அதே படம்! கட்டில் பதினோர் அம்புலிமாமா இதழ்கள் இருந்தன. கடைக்காரர் எடை போட்டு விலை சொன்னார். பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு எடையில் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் அன்று நாம் தராசைப் பார்க்கவேயில்லை.

நாம் வளர்ந்தது சித்தூரில். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். தந்தையார் வேலூர் சென்று திரும்பும்போது காட்பாடி நிலையத்தில் அம்புலிமாமா வாங்கி வருவார். நமக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்த ஆசிரியர் அந்த இதழ்தான். 1998-ல் அது நின்றது. 1999 டிசம்பரில் மீண்டும் வந்தபோது நாம் கிரிக்கெட் மட்டையோடு அலைந்துகொண்டிருந்தோம். பின்னர் இதழ் கைமாறி, 2013 வாக்கில் அச்சு அறவே நின்றது. அதையும் நாம் கவனித்தோமில்லை.

இப்போது முதலிலிருந்து படித்தோம். உண்மையைச் சொன்னால், கதைகள் நாம் எண்ணியிருந்த அளவு பெரியவையல்ல. ஏழைச் சிறுவன் வெல்வான், கருமி ஏமாறுவான். மூன்றாம் கதையிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆனால் வேதாளத்தின் கேள்விகள் அப்படியல்ல. மூவரில் யார் செய்தது பெருந்தியாகம் என்று அது கேட்கும்போது, விக்கிரமனைப் போல் நாமும் வாய் திறந்து அகப்பட்டுக்கொண்டோம். வடமொழி மூலத்தில் கதைகள் 25-தாம். அவை தீர்ந்த பின்னும் இதழ் பிணத்தை இறக்கிவிடாமல், பல நூறு கதைகளைச் சொல்லிற்று.

இதழ்களைத் திண்ணையில் பரப்பியிருந்தபோது, பக்கத்து வீட்டு அவ்வா எட்டிப் பார்த்து, “இது எங்கள் சந்தமாமா அல்லவா!” என்றார் தெலுங்கில். எழுபதைக் கடந்த அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆயினும் படத்தைத் தொட்டுத் தொட்டு ஒரு கதையை முழுதும் சொல்லி முடித்தார். அவர் சொன்னது முறையே. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கியபோது, தெலுங்குச் சந்தமாமாவும் தமிழ் அம்புலிமாமாவும் ஒருங்கே பிறந்தன. நாகிரெட்டி கடப்பை மாவட்டத்தவர். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தலைவராகவும் இருந்தவர். கதைகள் தெலுங்கில் எழுதப்பெற்றுப் பிற மொழிகளுக்குச் சென்றன. படங்கள் யாவற்றுக்கும் ஒன்றே. அந்த விக்கிரமனை வரைந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன் ஈரோட்டுப் பக்கத்துத் தமிழர். 1952-ல் இதழில் சேர்ந்தார், 2020-ல் மறைந்தார். அவ்வாவுக்கும் நமக்கும் வேதாளம் ஒரே முகத்தோடு வந்தது இப்படித்தான்.

இனி நம் மகளைப் பற்றி. நான்காம் வகுப்பு. தெலுங்கும் ஆங்கிலமும் படிப்பாள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அரிச்சுவடி வாங்கித் தந்து இருமுறை தோற்றவர்கள் நாம். அன்றிரவு வேதாளம் கேள்வி கேட்ட இடத்தில் கதையை நிறுத்திவிட்டு இரவுப் பணிக்குச் செல்ல நேர்ந்தது. விடை அடுத்த பக்கத்தில் இருந்தது. அவ்வாவிடம் ஓடியிருக்கிறாள், அவருக்கு அந்தக் கதை நினைவில் இல்லை.

விடியற்காலை வீடு திரும்பியபோது அரிச்சுவடியை அருகில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். “அப்பா, தெலுங்கில் நான்கு ‘க’ இருக்கிறதே, இங்கே ஒன்றுதான், இது எந்தக் ‘க’ என்று எப்படித் தெரியும்?” என்று கோபித்துக்கொண்டாள். நமக்கும் சட்டென விடை வரவில்லை. பழகப் பழகத் தெரியும் என்றோம். ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பது வரிகளை முடித்திருந்தாள். அரசன் இன்னும் வாய் திறக்கவில்லை.

பதினொன்றில் மூன்று இதழ்கள் அட்டையிழந்தவை, ஒன்றில் கடைசிப் பக்கங்கள் இல்லை. அவ்வா தமக்கொரு தெலுங்குச் சந்தமாமா வேண்டுமென்கிறார். அடுத்த விடுமுறையில் சித்தூர்க் கடைகளில் தேட எண்ணியுள்ளோம். அன்பர்கள் வீட்டுப் பரணில் இவ்விரண்டில் எது கிடந்தாலும் சங்கத்துக்குத் தெரிவித்தால், நேரில் வந்து பெற்று, படித்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.