சதுரகிரி, செண்பகத்தோப்பு போறீங்களா? புலிக்கு முன்னாடி பயப்பட வேண்டியது எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க!

ஆப்பிரிக்கா என்றால் சிங்கம், ஆஸ்திரேலியா என்றால் பாம்பு, அமெரிக்கா என்றால் கரடி. 'ஆபத்தான விலங்கு' என்றதும் நமக்கு வெளிநாடுதான் ஞாபகம் வரும். ஆனால், ஆஸ்திரேலியாவில் பாம்பு கடித்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சராசரியாக இரண்டு, மூன்று பேர்தான். இந்தியாவில்? 2000 முதல் 2019 வரையிலான காலத்தை வைத்து நடந்த ஆய்வின்படி, ஆண்டுக்கு சுமார் 58,000 பேர்!

ஆபத்தைத் தேடி விமானம் ஏற வேண்டியதில்லை. ராஜபாளையம் அய்யனார் கோயில் அருவிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கும், வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறை வழியாக சதுரகிரிக்கும் போகிறவர்கள், காட்டு விலங்குகளின் வீட்டுக்குள்தான் காலெடுத்து வைக்கிறார்கள். எந்த விலங்கு எதிரே வந்தால் என்ன செய்யணும்? பார்க்கலாம்.

இது என்ன காடு?

1988-ல் சாம்பல் நிற அணில்களைப் பாதுகாக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் உருவானது. 2021 பிப்ரவரியில் இதையும் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது புலிகள் காப்பகம் இது. பரப்பளவு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். யானை, சிறுத்தை, கரடி, காட்டுமாடு, புலி எல்லாமே இங்கே உண்டு.

அப்போ புலிதான் பெரிய ஆபத்தா?

இல்லை. புலி பெரும்பாலும் மனித வாடை பட்டாலே விலகிப் போய்விடும். கோயிலுக்குப் போகிறவர்கள் கண்ணில் அது படுவதே அபூர்வம். சிறுத்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒருவேளை எதிரே பார்த்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாதீங்க. குனியாதீங்க, உட்காராதீங்க. நிமிர்ந்து நின்று, சத்தமாகப் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்க. சின்னப் பிள்ளைகளை உடனே கைக்குள் இழுத்துக்கோங்க.

யானை: இங்கதான் உஷார்!

இந்தியாவில் யானை தாக்கி ஆண்டுக்கு சுமார் 500 பேர் உயிரிழக்கிறார்கள். புலி தாக்கி இறப்பவர்களை விட இது பல மடங்கு அதிகம். ராஜபாளையம், சேத்தூர் மலையடிவாரத்தில் மா, தென்னந்தோப்புகளுக்குள் யானைகள் இறங்கி வருவது அடிக்கடி நடக்கிற சங்கதி. அதனால் காட்டுக்குள் போனால்தான் யானை என்று நினைக்க வேண்டாம். அருவிக்குப் போகும் தோப்புப் பாதையிலேயே எதிரே நிற்கலாம்.

குட்டியோடு நிற்கும் தாய் யானையும், தனியாகத் திரியும் ஆண் யானையும் கூடுதல் ஆபத்து. யானைக்குக் கண் பார்வை சுமார்தான். மோப்பமும் காதும் படு கூர்மை. புது சாணம், முறிந்து கிடக்கும் கிளைகளைப் பார்த்தாலே அந்தப் பாதையை விட்டு திரும்பிடுங்க. செல்பி, வீடியோ வேண்டவே வேண்டாம். வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காதீங்க, கீழே இறங்காதீங்க. தூரத்திலேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுங்க. நடந்து போகும்போது துரத்தினால், கையில் இருக்கும் பையையோ துண்டையோ போட்டுவிட்டு ஓடுங்க. யானையின் கவனம் அதன் மேல் திரும்ப வாய்ப்பு உண்டு.

கரடி: மரம் ஏறினா தப்பிக்கலாமா?

முடியாது. நம்ம ஊர் கரடி நன்றாகவே மரம் ஏறும். செத்த மாதிரி படுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்ற பள்ளிக்கூடக் கதையையும் அப்படியே நம்பக் கூடாது. கரையான் புற்றைத் தோண்டும் மும்முரத்தில் இருக்கும் கரடி, ஆள் வருவதைக் கவனிக்காது. பக்கத்தில் போனதும் பதறிப்போய் முகத்திலும் தலையிலும் பாயும். பெரும்பாலான தாக்குதல்கள் இப்படித்தான் நடக்கின்றன.

அதனால் கூட்டமாக, பேசிக்கொண்டே நடங்க. சத்தம் கேட்டால் கரடியே ஒதுங்கிவிடும். தூரத்தில் பார்த்தால் சத்தமில்லாமல் பின்வாங்குங்க. மேலே பாய்ந்தேவிட்டால், குப்புறப் படுத்து உடம்பைச் சுருட்டி, பின்கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கோங்க. முகத்தையும் கழுத்தையும் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

காட்டுமாடு: சாதுவா தெரியும், ஆனா...

நம்ம வீட்டு மாடு மாதிரிதானே என்று பக்கத்தில் போய்விடக் கூடாது. வளர்ந்த ஆண் காட்டுமாடு ஏறக்குறைய ஒரு டன் எடை வரும். அது ஓடித் தப்பிக்க நினைக்கும் வழியில் நாம் நின்றால்தான் ஆபத்து. வழியை விட்டு விலகி, பெரிய மரத்துக்கோ பாறைக்கோ பின்னால் நின்றுகொள்ளுங்க.

உண்மையான நம்பர் ஒன் ஆபத்து எது?

பாம்புதான். நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நாட்டில் அதிக உயிர்களைப் பறிப்பவை. இதில் கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடித்தால் பெரிதாக வலியே இருக்காது, பல் தடம்கூட தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று விஷம் வேலையைக் காட்டும். அதிகாலையில் மலையேற முந்தின ராத்திரியே வந்து அடிவாரத்தில் படுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கணும். வெறும் தரையில் படுக்காதீங்க. டார்ச் இல்லாமல் நடக்காதீங்க.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவுமே கூடாது. மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்க. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-க்கு போன் பண்ணி நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்க. பாம்பைப் பிடித்துக் கொண்டு போக வேண்டிய அவசியமில்லை. ஏனென்றால் இங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. அதற்கான விஷத்தைச் சேகரிப்பது, சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். மருந்து இருக்கிறது, ஆள் போய்ச் சேருவதில் ஏற்படும் தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு மருந்து தேவை என்று திட்டமிட இந்தக் கணக்கு உதவும்.

குரங்கு கீறினா சும்மா விடலாமா?

விடவே கூடாது. குரங்கோ நாயோ கடித்தாலும், ரத்தம் வரும்படி கீறினாலும் ரேபிஸ் ஆபத்து உண்டு. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. அன்றைக்கே தடுப்பூசி போடுங்க. 'சாமி கும்பிட்டு இறங்கி வந்து பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட வேண்டாம். முக்கியமாக, குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீங்க. சாப்பாட்டுப் பையை வெளியே தெரியும்படி வைக்காதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

- அன்றைக்கு வனத்துறை அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்க. அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது குற்றம்.
- வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுங்க.
- தனியாகப் போகாதீங்க. குறுக்குப் பாதை வேண்டாம்.
- காதில் இயர்போன் வேண்டாம். காட்டில் முதல் எச்சரிக்கை சத்தம்தான்.
- சாப்பாட்டு மிச்சத்தையும் பிளாஸ்டிக்கையும் காட்டில் போடாதீங்க. அந்த வாசனைதான் விலங்கைப் பாதைக்கே இழுத்து வரும்.

மேலே சொன்ன எந்த விலங்குக்கும் நம்மைத் தேடி வந்து தாக்கும் எண்ணம் கிடையாது. கிட்டே போவதும், திடீரென முன்னால் போய் நிற்பதும், இருட்டில் மிதிப்பதும் பெரும்பாலும் நாம்தான். அந்த மூன்றையும் தவிர்த்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும். இந்த அமாவாசைக்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது சதுரகிரிக்குக் கிளம்பினால், பாம்பு கடித்தால் என்ன செய்யணும் என்பதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்க.